புயலுக்கு முன்பே பிரிண்ட் எடுங்கள்: முகவரிப் பட்டியலும் ரிப்போர்ட் மென்பொருளும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, தெரிந்தவர்களின் பெயர், போன் எண், முகவரி எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைப்பது. ஏற்றி முடித்ததும் பழைய டைரியைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 பெருமழை, 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் என்று இந்த மாவட்டம் பார்த்தது அதிகம். தானே புயலுக்குப் பிறகு பல நாட்கள் மின்சாரம் இல்லை. கம்ப்யூட்டர் ஓடாது, செல்போன் சார்ஜ் ஏறாது. அந்த நேரத்தில் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் யார், அவருடைய மகன் நம்பர் என்ன என்று சொல்லக் கூடியது காகிதம் மட்டும்தான்.

கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலில் தேவையானதை மட்டும் தேடி எடுத்து, அழகாக அச்சடிப்பது எப்படி என்று பார்ப்போம்.

டைரக்டரி என்றால் என்ன?

பெரிய அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் எல்லாக் கம்ப்யூட்டர்களும் நெட்வொர்க்கில் இணைந்திருக்கும். யார் யார் பயனாளர்கள், அவர்கள் எந்தப் பிரிவு, போன் எண் என்ன என்ற விவரங்கள் ஒரே இடத்தில் இருக்கும். இதுதான் நெட்வொர்க் டைரக்டரி. தொலைபேசித் துறை தந்த தடித்த டைரக்டரி போலத்தான் இதுவும். புத்தகத்தைப் புரட்டுவதற்குப் பதில் சர்வரிடம் கேட்கிறோம். அப்படிக் கேட்பதற்கான மொழி எல்டிஏபி. இது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவானது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000 சர்வருடன் தந்த ஆக்டிவ் டைரக்டரியும் இதே மொழியைப் புரிந்துகொள்ளும்.

இப்படிக் கேட்பதற்குக் குவெரி என்று பெயர். கிடைத்த பதிலைத் தலைப்பு, வரிசை, பக்க எண்ணுடன் அச்சுக்குத் தயார் செய்வது ரிப்போர்ட். அலுவலகங்களில் இதற்குக் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள பேஸ் போதும்.

முதலில் பட்டியலை வெளியே எடுங்கள்

உங்கள் முகவரிகள் தண்டர்பேர்டு அட்ரஸ் புக்கிலோ கூகுள் கான்டாக்ட்ஸிலோ இருக்கலாம். இரண்டிலும் எக்ஸ்போர்ட் வசதி உண்டு. சிஎஸ்வி என்ற வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பிறகு அந்த ஃபைலை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கவும். ஒரு டயலாக் பாக்ஸ் தோன்றும். இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. கேரக்டர் செட் என்ற இடத்தில் யூனிகோட் யூடிஎஃப்-8 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாக வரும்.

2. போன் எண், பின்கோடு உள்ள காலங்களைக் கிளிக் செய்து, காலம் டைப் என்பதில் டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். கடலூரின் எஸ்டிடி கோடு 04142, சிதம்பரத்துக்கு 04144. மாற்றாமல் விட்டால், இடைவெளியின்றி அடித்த எண்களில் முன்னால் உள்ள பூஜ்யத்தைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிடும்.

3. தேவையில்லாத காலங்களுக்கு ஹைட் என்று கொடுங்கள்.

ஓகே தந்தபின், முதல் வரியில் பெயர், தெரு, ஊர், பின்கோடு, போன், குறிப்பு என்று தலைப்புகள் இருக்கட்டும். ஓடிஎஸ் ஃபைலாகச் சேமியுங்கள்.

பேஸில் குவெரி

பேஸைத் திறந்ததும் வரும் விசார்டில், ஏற்கெனவே உள்ள டேட்டாபேஸுடன் இணைக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, வகையில் ஸ்பிரெட்ஷீட் என்று கொடுத்து, அந்த ஃபைலைக் காட்டுங்கள். பேஸ் இதைப் படிக்க மட்டும் செய்யும். உங்கள் மூலப் பட்டியல் கெட்டுப் போகாது.

அடுத்து குவெரீஸ் சென்று டிசைன் வியூ திறக்கவும். வேண்டிய தலைப்புகளைச் சேருங்கள். இங்கேதான் ஒரு சிக்கல் வரும். ஒருவர் திருப்பாதிரிப்புலியூர் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் திருப்பாப்புலியூர் என்பார், மற்றொருவர் கடலூர் என்று மட்டும் போட்டிருப்பார். கம்ப்யூட்டருக்கு இவை மூன்றும் வேறு வேறு ஊர்கள்! ஊர் பெயரை வைத்துத் தேடினால் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள். அதனால் பின்கோடை வைத்துத் தேடுங்கள். கிரைட்டீரியன் என்ற கட்டத்தில் 607002 என்று கொடுத்தால் திருப்பாதிரிப்புலியூர் வரும். பழைய டவுனுக்கு 607003. சிதம்பரம் பக்கம் முழுவதும் வேண்டுமென்றால் 608 என்று தொடங்குபவை எல்லாம் என்ற பொருளில் 608 போட்டு நட்சத்திரக் குறி சேர்க்கலாம்.

குவெரியை ஓட்டியதும் எத்தனை பெயர்கள் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். அலுவலகத்துக்காரர்களும் இதைச் செய்ய வேண்டும். ஆக்டிவ் டைரக்டரி சர்வர் ஒரு கேள்விக்குச் சாதாரணமாக 1000 பெயர்கள்தான் தரும். பக்கம் பக்கமாகக் கேட்கத் தெரியாத ரிப்போர்ட், 1001வது ஆளை விட்டுவிட்டே அச்சாகும். பட்டியல் முழுமையாக இருப்பது போலவே தோன்றும்.

ரிப்போர்ட் தயார்

ரிப்போர்ட்ஸ் பகுதியில் விசார்டைத் தொடங்கி, நீங்கள் சேமித்த குவெரியைத் தேர்ந்தெடுக்கவும். இதற்கு உங்கள் கம்ப்யூட்டரில் ஜாவா இருக்க வேண்டும். குரூப்பிங் என்பதில் தெருவைக் கொடுத்தால் தெரு வாரியாகப் பெயர்கள் பிரிந்து வரும். கடைசிப் பக்கத்தில் டைனமிக் ரிப்போர்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் திருத்தம் செய்தால், அடுத்த முறை ரிப்போர்ட்டைத் திறக்கும்போது அதுவும் சேர்ந்து வரும்.

தலைப்பில் தேதி கட்டாயம் இருக்கட்டும். அதன் கீழே 112, 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களையும் சேர்த்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

- குறிப்பு என்ற காலத்தில் 'நடக்க முடியாதவர்', 'தினமும் இன்சுலின்' போன்றவற்றைச் சம்மதம் கேட்டபின் எழுதுங்கள்.
- இந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டாம். தெருவுக்கு இரண்டு பொறுப்பானவர்களிடம் மட்டும் கொடுங்கள். பழைய தாளைக் கிழித்த பிறகே புதியது தரவும்.
- இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் கரையும். லேமினேஷன் செய்துவிடுங்கள்.
- வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். எனவே செப்டம்பர் மாதக் கடைசியில் ஆண்டுதோறும் புதிய பிரிண்ட் எடுப்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

முதல் முறை இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். அடுத்த ஆண்டு ஐந்து நிமிடம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து உங்கள் தெருவுக்கு ஒன்று தயார் செய்து பாருங்கள்.