குன்னூரில் குடியிருந்த ஃபீல்டு மார்ஷல்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலையில், வெலிங்டன் அருகே ஒரு பாலம் இருக்கிறது. 2009இல் அதற்கு மானெக்ஷா பாலம் என்று பெயர் வைத்தார்கள். 2014இல் பக்கத்திலேயே மானெக்ஷாவுக்கு ஒரு கிரானைட் சிலையும் வைத்தார்கள். ஊட்டிக்குப் போகிற அவசரத்தில் பெரும்பாலான வண்டிகள் நிற்காமல் கடந்துவிடுகின்றன. பாகிஸ்தானுடன் நடந்த 1971 போரில் நமது தரைப்படைக்குத் தலைமை தாங்கியவர் அவர் என்பது பலருக்குத் தெரியும். பதவியை விட்ட பின் முப்பத்தைந்து ஆண்டுகள் நீலகிரியிலேயே வாழ்ந்து, அங்கேயே மனைவிக்குப் பக்கத்தில் அடக்கமானவர் என்பது அத்தனை பேருக்குத் தெரியாது.

சாம் மானெக்ஷா 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஹோர்முஸ்ஜி டாக்டர். மகனுக்கும் டாக்டராகத்தான் ஆசை. இங்கிலாந்து போய்ப் படிக்கிறேன் என்றார். தனியாக அனுப்ப வயது போதாது என்று அப்பா மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் ராணுவத் தேர்வு எழுதி, 1932இல் டேராடூன் ராணுவ அகாடமியின் முதல் அணியில் சேர்ந்தார். அந்த அணியில் இருந்தவர்கள் நாற்பது பேர்.

லாகூரில் ஒரு விருந்தில் சில்லூ போடே என்ற பெண்ணைச் சந்தித்தார். பம்பாயில் ஓவியம் படித்தவர். 1939இல் கல்யாணம் நடந்தது. மறு வருடம் முதல் மகள் பிறந்தாள்.

அந்தக் குழந்தைக்கு இரண்டு வயதானபோது அப்பாவை ஏறக்குறைய இழக்க நேர்ந்தது. 1942 பிப்ரவரி 22. பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தைக் காக்கும் சண்டை. தன் கம்பெனியை முன்நின்று நடத்திய மானெக்ஷாவின் வயிற்றில் ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் வரிசையாகப் பாய்ந்தன. பிழைக்க மாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். உயர் அதிகாரி கோவன் தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி, விழுந்து கிடந்தவர் மார்பில் குத்தினார். செத்துப்போனவருக்கு அந்தப் பதக்கம் தரும் வழக்கம் அப்போது கிடையாது.

அவரைச் சாகவிடாமல் தூக்கிக்கொண்டு போனவர் ஆர்டர்லி சிப்பாய் ஷேர் சிங். டாக்டரிடம் சேர்த்த பிறகும், இந்தக் காயத்துக்குச் சிகிச்சை செய்து பயனில்லை என்று தயங்கியவரை வற்புறுத்தி அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்க வைத்தார். என்ன ஆயிற்று என்று ஆஸ்திரேலிய டாக்டர் கேட்டபோது, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம் மானெக்ஷா. இந்த நிலையிலும் வேடிக்கை பேசுகிறவன் பிழைப்பான் என்று டாக்டருக்கு நம்பிக்கை வந்ததாம்.

பின்னாளில் கூர்க்கா படைப்பிரிவோடு அவருக்குப் பந்தம் ஏற்பட்டது. ஒருமுறை ஒரு கூர்க்கா சிப்பாயிடம், “உன் தளபதி பெயர் என்ன?” என்று கேட்டார். “சாம் பகதூர்” என்று பதில் வந்தது. அந்தப் பெயரே கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

ஆனால் அவர் வாழ்க்கை சீராக ஏறிய ஏணியாக அமையவில்லை. 1959இல் வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரிக்குத் தலைவராக வந்தார். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லும் சுபாவம் டெல்லியில் சிலருக்குப் பிடிக்கவில்லை. நாட்டுக்கு விசுவாசம் இல்லாதவர் என்று குற்றம்சாட்டி விசாரணை வைத்தார்கள். வயிற்றில் குண்டு வாங்கியவர் மேல் இப்படி ஒரு பழி! விசாரணையில் அவர் மேல் தப்பில்லை என்று முடிவானது. 1962 இறுதியில் சீனப் போரில் அடிவாங்கித் துவண்டுபோன 4ஆவது கோர் படைக்கு அவரைத்தான் தேஜ்பூருக்கு அனுப்பினார்கள். எழுத்தில் உத்தரவு இல்லாமல் இனி யாரும் பின்வாங்கக் கூடாது, அந்த உத்தரவு வரவே வராது என்று போனதும் அறிவித்தார்.

1969 ஜூனில் தரைப்படைத் தளபதியானார். 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) இந்தியாவுக்குள் அகதிகள் குவிந்துகொண்டிருந்தார்கள். உடனே படையெடுக்க முடியுமா என்று அமைச்சரவைக் கூட்டத்தில் கேட்கப்பட்டதாகவும், முடியாது என்று சொன்னதாகவும் மானெக்ஷா 1998இல் வெலிங்டன் கல்லூரி உரையில் விவரித்தார். மழைக்காலம் வந்தால் அங்கே ஆறுகள் கடல்போல் ஆகிவிடும். இமயக் கணவாய்கள் திறந்தால் சீனாவையும் கவனிக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் ரயில்கள் எல்லாம் படைக்கே வேண்டியிருக்கும். வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்றாராம். அப்போதைய முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதில் வரலாற்றாய்வாளர்கள் சிலர் அவரோடு உடன்படுவதில்லை. ஆனால் போர் டிசம்பரில்தான் வந்தது. 13 நாளில் முடிந்தது. பாகிஸ்தான் தரப்பில் ஏறத்தாழ 93,000 பேர் கைதானார்கள். டாக்காவில் சரணாகதிப் பத்திரத்தைப் பெறும் பெருமையை, அது கிழக்குப் படைத் தளபதி அரோராவுக்கே உரியது என்று விட்டுக்கொடுத்தார்.

கைதிகளை நடத்திய விதத்தில்தான் அவருடைய குணம் முழுதாகத் தெரிகிறது. எல்லைக்கோடு பற்றிப் பேச 1972இல் லாகூர் போனபோது நடந்ததை அவரே சொல்லியிருக்கிறார். பணியாள் ஒருவர் தன் தலைப்பாகையை எடுத்து அவர் காலடியில் வைத்தார். அவர் மகன்கள் இந்தியாவில் போர்க்கைதிகள். கடிதம் எழுதுகிறார்கள், தங்களுக்குக் கட்டில் கிடைத்திருக்கிறது, இந்தியச் சிப்பாய்கள் தரையில் படுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் முன்னால் நின்றவர் இன்னொரு தகப்பன். படைக்குத் தலைவர் என்றால் வீட்டுப் பெரியவர் போல என்றுதான் மானெக்ஷா புரிந்துவைத்திருந்தார். பிள்ளைகள் யாருடையவர்கள் என்று அவர் பார்க்கவில்லை.

1973 ஜனவரியில் இந்தியாவின் முதல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அதே மாதம் பதவியை விட்டு, குன்னூரில் ‘ஸ்டாவ்கா’ என்ற தன் வீட்டுக்கு வந்தார். தோட்டம், மனைவி, மகள்கள், பேரப்பிள்ளைகள் என்று வாழ்க்கை மாறியது. இளைய மகள் மாயா தாருவாலா மனித உரிமைச் சட்டத்துறைக்குப் போய், காவல்துறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்டார். 2001இல் சில்லூ காலமானார். அறுபது வருடத்துக்கு மேல் நீடித்த இல்லறம்.

ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது. ஆயுள் முழுதும் சம்பளம் உண்டு. ஆனால் அந்தச் சம்பளம் அவருக்கு ஒழுங்காக வரவில்லை. 2007இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவரைப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான், முப்பது ஆண்டு பாக்கிக்காக ஒரு கோடி ரூபாய்க்கு மேல் காசோலை வந்தது. 2008 ஜூன் 27 அன்று 94 வயதில் காலமானார். ஊட்டி பார்சி மயானத்தில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பிரதமரும் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை, முப்படைத் தளபதிகளும் வரவில்லை. இது நாட்டுக்கு அழகில்லை.

ஃபீல்டு மார்ஷலுக்கே இந்தக் கதி என்றால் சாதாரணப் பட்டாளத்துக்காரர் எங்கே போவார்? வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள்; அங்கே தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அப்படி ஒரு தாத்தா இருக்கிறார். 1971 போரைப் பார்த்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். எந்த ரெஜிமென்ட், எங்கே சண்டை, கூட இருந்தவர் யார் என்று இப்போதே கேட்டு செல்போனில் பதிவு செய்யுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பதக்கங்களையும் பத்திரப்படுத்துங்கள். பென்ஷனில் குறை இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நீங்களே அழைத்துக்கொண்டு போங்கள்.