கருத்து வரைபடமும் வேற்றுமை உருபும்

முன்னுரை

பாடப்பொருளைப் பெட்டிகளாலும் அம்புக்குறிகளாலும் கணினித் திரையில் ஒழுங்குபடுத்திக் காட்டும் முறை இன்று வகுப்பறைகளில் இடம்பெற்று வருகிறது. தமிழகத்தில் 2000-களின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்த படைப்பாற்றல் கல்வி, மனவரைபடம் வரைதலைக் கற்றலின் ஒரு படிநிலையாகவே கொண்டது. இத்தகைய கருவிகளைத் தமிழில் கையாளும்போது எழும் தொடரியல் சிக்கல் ஒன்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை வரைபடங்கள்

மனவரைபடத்தில் மையச் சொல்லிலிருந்து கிளைகள் பிரியும். கிளையின்மீது உறவை எழுதுதல் கட்டாயமன்று. கருத்து வரைபடம் இதனின்று வேறுபட்டது. 1972-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவக் குழுவினர் உருவாக்கிய இம்முறையில், இரு கருத்துகளும் அவற்றிடையே நிற்கும் இணைப்புச்சொல்லும் சேர்ந்து ஒரு கூற்றாதல் வேண்டும். புளோரிடாவின் மனித எந்திர அறிதிறன் நிறுவனம் உருவாக்கிய சிமேப்டூல்ஸ் மென்பொருள், இரு பெட்டிகளை இணைத்தவுடன் இணைப்புச்சொல்லுக்கும் இடம் அளிக்கிறது.

சிக்கலின் தன்மை

ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்பதால், பெட்டி, அம்பு, பெட்டி என்னும் வரிசை அப்படியே வாக்கியமாகிறது. தமிழிலோ வினை இறுதியில் நிற்கும். செயப்படுபொருளை உருபு உணர்த்தும். எனவே, ஆங்கில வரைபடத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் 'பாம்பு', 'உண்ணும்', 'தவளை' என அமைப்பின், தவளை உண்ணப்படுவதா, உண்பதா என்பது விளங்காது. 'புலி கொன்ற யானை' என்னும் பழைய எடுத்துக்காட்டில் உள்ள மயக்கமே இது. தொல்காப்பிய வேற்றுமை மயங்கியல் இத்தகையவற்றைத் தடுமாறு தொழிற்பெயர் எனச் சுட்டும். உணவுச் சங்கிலியைக் கற்கும் மாணவர்க்கு இம்மயக்கம் அறிவியற் பிழையாகவே முடியக்கூடும்.

தீர்வுகள்

இரு பொருள்களுள் ஒன்று மட்டுமே வினைமுதலாகக் கூடுமாயின், 'வேர்', 'உறிஞ்சுவது', 'நீர்' என வினையாலணையும் பெயரை இடையில் அமைக்கலாம், கூற்று நிறைவுறும். இரண்டும் வினைமுதலாகக் கூடுமாயின், உருபை இணைப்புச்சொல்லில் ஏற்றி, 'பாம்பு', '-க்கு உணவு', 'தவளை' என அமைத்தல் தகும். ஆயின் 'மரம்' என்னும் பெட்டியோடு '-க்கு' சேரின் 'மரத்துக்கு' எனச் சாரியை தோன்றும். பெட்டியிலுள்ள சொல்லே திரிய வேண்டியிருப்பதால், அவ்விடத்து உருபேற்ற வடிவத்தையே பெட்டியில் எழுதுதல் நன்று.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மராத்தியும் வினை இறுதியில் நிற்கும் மொழியே. அதில் 'சாப்' (பாம்பு) என்னும் பெயர் உருபேற்கும்போது 'சாபா' எனத் திரியும். ஆதலின் புணே மாவட்டத்து ரஞ்சன்காவ் போன்ற ஊர்களின் மராத்திவழி வகுப்புகளிலும், ஆங்கில வரைபடத்தை அவ்வாறே பெயர்ப்பின் இதே இடர்ப்பாடு எழும்.

முடிவுரை

வரைபடத்தை மொழிபெயர்ப்போர் சொற்களை மட்டும் பெயர்த்தால் போதாது. அம்பு உணர்த்தும் உறவையும் இலக்கு மொழியின் தொடரமைப்பில் அமைத்தல் வேண்டும். ஒவ்வோர் இணைப்பையும் மாணவர் முழு வாக்கியமாக வாய்விட்டுப் படிப்பதும் பின்னர் எழுதுவதும் இதற்கு எளிய உரைகல்லாகும். வாக்கியமாகப் படிக்க இயலாத அம்பு திருத்தப்பட வேண்டியதே எனலாம்.