மணி பிளாண்ட் வளர்க்கிறீர்களா? கணு இல்லாமல் நட்டால் கொடி வராது!

மணி பிளாண்ட் இலையை மட்டும் கிள்ளி வந்து தண்ணீரில் போட்டிருக்கிறீர்களா? அது வாரக்கணக்கில் பச்சையாக இருக்கும், சில நேரம் வேர்கூட விடும். ஆனால் புதுக்கொடி வராது. துளிர் கிளம்புவது கணுவில் உள்ள மொட்டிலிருந்துதான். எனவே பழுப்பு நிறத்தில் சிறு முண்டு தெரியும் கணுவுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். கணு நீரில் மூழ்க வேண்டும். இலை மூழ்கினால் அழுகிவிடும். நேரடி வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். 2 அங்குல வேர் வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம்.

மாற்றாமல் பாட்டிலிலேயே வளர்ப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் கவனிக்க வேண்டியது கொசு! டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இதுபோன்ற தேங்கிய நல்ல நீரில்தான் பெருகும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. வாரம் தவறாமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, வாய்ப்பகுதியைப் பஞ்சால் அடைத்து விடுங்கள்.

தொட்டிச் செடிக்கு மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். தினமும் ஊற்றினால் வேர் அழுகும். இலையில் கால்சியம் ஆக்சலேட் இருப்பதால் கடித்தால் வாய் எரியும். தவழும் குழந்தை, பூனை, நாய் உள்ள வீடுகளில் உயரத்தில் தொங்கவிடுங்கள்.