நிலம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு, இயந்திரம் எவ்வளவு?

கடையோ, அலுவலகத் தளமோ, தங்கும் விடுதியோ வாங்கும் வணிகர் பெரும்பாலும் ஒரே ஒரு தொகையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்: கிரயப் பத்திரத்தில் எழுதிய மொத்த விலை. அத்தொகைக்குள் மனை, சுவர், மின்கம்பி, குளிர்சாதனம், ஜெனரேட்டர் யாவும் அடங்கிக் கிடக்கின்றன. வாங்கியவருக்கு அது ஒரு சொத்து; வருமான வரிச் சட்டத்தின் கண்ணுக்கோ மூன்று, நான்கு சொத்துகள்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் வழங்கிவந்த தேய்மான அட்டவணையைப் பார்த்தால் இது விளங்கும். குடியிருப்பு அல்லாத கட்டடத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு, மரச்சாமான்களுக்கும் பொருத்துகளுக்கும் 10, பொதுவான இயந்திரங்களுக்கு 15, கணினிக்கு 40. நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது. (2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளதால், நடப்பு விகிதங்களைத் தம் தணிக்கையாளரிடம் உறுதி செய்துகொள்வது நன்று.)

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவர் 2 கோடி ரூபாய்க்கு அலுவலகக் கட்டடம் ஒன்றை வாங்குகிறார். முழுத் தொகையையும் ‘கட்டடம்’ என்று கணக்கில் எழுதி, முதல் ஆண்டில் 20 லட்சம் தேய்மானம் கோருகிறார். உண்மையில் அதில் மனையின் பங்கு 80 லட்சம். கட்டடம் 90 லட்சம். பொருத்துகள் 10 லட்சம். குளிர்சாதனமும் ஜெனரேட்டரும் சேர்ந்து 20 லட்சம். முறையாகப் பிரித்தால் 9 லட்சம், 1 லட்சம், 3 லட்சம் என மொத்தம் 13 லட்சமே வரும். மிகையாகக் கோரிய 7 லட்சம் பின்னாளில் வரியாகவும் வட்டியாகவும் திரும்பிவரும். பழைய சட்டத்தின் 270ஏ பிரிவின்படி, வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்குரிய அபராதம் அதற்கான வரியில் 50 விழுக்காடு. தவறான தகவல் தந்து குறைத்திருந்தால் 200 விழுக்காடு.

நிலம் தேய்வதில்லை என்பது ஆல்ப்ஸ் தியேட்டர் வழக்கில் 1967இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த செய்தி. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான எல்லையோ அவ்வளவு எளிதில் தீரவில்லை. 1971இல் தாஜ்மகால் ஹோட்டல் வழக்கில், விடுதியின் கழிப்பறைச் சாதனங்களும் குழாய்களும் ‘பிளாண்ட்’ என்னும் வகையைச் சேரும் என்று அதே நீதிமன்றம் கூறியது. 2000இல் ஆனந்த் தியேட்டர்ஸ் வழக்கில், திரையரங்கக் கட்டடமும் விடுதிக் கட்டடமும் அவ்வகையில் சேரா என்றது. 2003ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ‘பிளாண்ட்’ என்பதன் இலக்கணத்திலிருந்து கட்டடத்தையும் மரச்சாமான், பொருத்துகளையும் வெளிப்படையாகவே நீக்கிவிட்டது. (தேயிலைச் செடியும் கால்நடையும் அதற்கு முன்பே நீக்கப்பட்டுவிட்டன!) மின்கம்பி, சுவிட்ச், மின்விசிறி ஆகியன பொருத்துகள் என்று அட்டவணைக் குறிப்பே சொல்கிறது. ஆகவே, பழைய தீர்ப்பு ஒன்றை மட்டும் காட்டி எல்லாவற்றையும் 15 விழுக்காட்டில் அடைக்க முன்வருவோரின் பேச்சை ஏற்பதற்கில்லை.

அமெரிக்காவில் இப்பகுப்பு தனித்தொரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அங்கே வணிகக் கட்டடத்தின் தேய்மானக் காலம் 39 ஆண்டுகள். அதிலிருந்து பிரித்தெடுக்கும் உறுப்புகளுக்கு 5, 7 அல்லது 15 ஆண்டுகள். ஹாஸ்பிடல் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா வழக்கில் 1997இல் வரி நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பின் இத்தொழில் பெருகியது. பெருக்கத்தோடு மிகைக் கோரிக்கைகளும் வந்தன. அந்நாட்டு வரித்துறை தன் ஆய்வாளர்களுக்கென வெளியிட்ட வழிகாட்டி, அறிக்கையைத் தயாரித்தவரின் நிபுணத்துவம் என்ன, உண்மைச் செலவு ஆவணங்களிலிருந்து கணக்கு எழுந்ததா என்பவற்றை முதன்மையாக நோக்குகிறது.

நம் நாட்டில் 10க்கும் 15க்கும் உள்ள இடைவெளி சிறியது. எனவே பகுப்பினால் வரி பெருமளவு குறைந்துவிடும் என்று உறுதி கூறுவோரிடம் எச்சரிக்கை தேவை. இங்கே பகுப்பின் பயன் சேமிப்பைவிடச் செம்மையில்தான் அதிகம்.

அச்செம்மையை யாரிடம் பெறுவது? நிறுவனச் சட்டத்தின் 247ஆம் பிரிவுக்காக 2017இல் வகுக்கப்பட்ட விதிகள், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களை நிலமும் கட்டடமும், இயந்திரங்கள், பங்கு மற்றும் நிதிச் சொத்துகள் என மூன்று பிரிவாக வகுக்கின்றன. பதிவு செய்யும் பொறுப்பு இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்துடையது. நிலத்தை மதிப்பிடப் பதிவு பெற்றவர் அதே பதிவைக் கொண்டு இயந்திரத்தை மதிப்பிட இயலாது. வெற்றிக் கட்டணம் வாங்கலாகாது என்றும், எழுத்து ஒப்பந்தத்தில் தெரிவித்த கட்டணமன்றி வேறு பெறலாகாது என்றும், பணித்தாள்களைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும் என்றும் அவர்களுக்குரிய நடத்தை நெறி கூறுகிறது. இவ்விதிகள் நிறுவனச் சட்ட மதிப்பீடுகளுக்கென எழுந்தவை. ஆயினும் சிறு வணிகர் தம் கணக்குக்காக ஒருவரை அமர்த்தும்போதும் இதே அளவுகோலைக் கேட்கலாம் என்பது எங்கள் கருத்து. ‘மிச்சமாகும் வரியில் இத்தனை விழுக்காடு எனக்கு’ என்று பேரம் பேசுபவருக்கு, இயந்திரத்தின் பங்கைப் பெருக்கிக் காட்டுவதில்தான் ஆதாயம்.

அறிக்கை கையில் வந்ததும் புரட்டிப் பாருங்கள். மதிப்பீட்டாளர் இடத்துக்கு நேரில் வந்த நாள், அளவுகள், ஒளிப்படங்கள், ரசீதுகள், மனைவிலைக்கு எடுத்த ஆதாரம், கட்டுமான விலைக்குப் பயன்படுத்திய அட்டவணை ஆகியவை அதில் இருக்க வேண்டும். ‘இயந்திரம் 20 விழுக்காடு’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது குத்துமதிப்பு. பிறர் முன்பு பயன்படுத்திய சொத்தை, வரியைக் குறைக்கும் முதன்மை நோக்கத்துடன் விலை கூட்டி வாங்கியதாகக் கருதினால், மேலதிகாரியின் ஒப்புதலுடன் அடக்க விலையைத் தாமே நிர்ணயிக்கும் அதிகாரத்தைப் பழைய சட்டம் வரி அதிகாரிக்கு அளித்திருந்தது.

பகுப்பை எழுதச் சிறந்த காலம் ஒப்பந்தம் எழுதும் காலமே. அமெரிக்காவில் பெக்கோ ஃபுட்ஸ் என்னும் கோழி இறைச்சி நிறுவனம் இரண்டு ஆலைகளை வாங்கியபோது, விலைப்பகுப்பை விற்பவருடன் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டது. பின்னர் நிபுணரைக் கொண்டு அதை மேலும் பிரிக்க முயன்றபோது, எழுதியதே உன்னைக் கட்டும் என்னும் கருத்தில் 2012இல் வரி நீதிமன்றம் மறுத்துவிட்டது. இங்கோ முத்திரைத் தீர்வையையும் எண்ண வேண்டும். நிலத்தோடு நிலையாகப் பிணைந்த இயந்திரம் அசையாச் சொத்தே என்று டங்கன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆகவே இயந்திரத்தைத் தனியே எழுதிவிட்டால் தீர்வை தானே குறையும் என்று எண்ணலாகாது.

இதே பகுப்புத் தாளைத் தீக்காப்பீடு புதுப்பிக்கும் நாளிலும் எடுத்து வையுங்கள். நிலம் எரிவதில்லை, அதற்குப் பிரீமியம் கட்டுவது வீண். கட்டடத்தையும் இயந்திரத்தையும் குறைத்துக் காட்டியிருந்தாலோ, இழப்பீடும் அதே விகிதத்தில் குறைக்கப்படலாம். மனை உட்பட்ட கிரயத் தொகையை அப்படியே காப்பீட்டுத் தொகையாக எழுதியிருப்பவர்கள், அடுத்த புதுப்பித்தலுக்கு முன் அதைத் திருத்திக்கொள்ளலாம். கடனுக்கு அடமானமாக இருக்கும் சொத்தாயின், திருத்திய பாலிசியின் நகலைக் கிளையில் ஒப்படைக்க வேண்டும்.