சிணுங்குவதற்கும் ஒரு விலை உண்டு

லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலைகளில் புல்தரையில் அமர்ந்து ஊர்க்கதை பேசும் வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தொட்டாற்சுருங்கியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கை ஊன்றிய இடத்தில் சுருக்கென்று முள் குத்தினால் பெரும்பாலும் அதுதான். ஊரில் வரப்போரம் பார்த்த அதே செடி. இங்கு அடுக்குமாடி வீடுகளின் கீழும் காற்பந்துத் திடல் ஓரங்களிலும் வளர்கிறது. புல்வெட்டும் இயந்திரம் வந்தாலும் தரையோடு படர்ந்து தப்பித்துக்கொள்கிறது.

சட்டென்று முகம் சுளிப்பவரைத் 'தொட்டாச்சிணுங்கி' என்கிறோம். மலாய்மொழியில் இது 'செமாலு'. 'மாலு' என்றால் வெட்கம். 1753ல் லின்னேயஸ் சூட்டிய 'மிமோசா புடிகா' என்ற பெயரிலும் வெட்கமே இருக்கிறது. ஆனால் இதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகள்.

வெட்கத்தின் ரகசியம் தண்ணீரில் இருக்கிறது. இலைக்காம்பின் அடியிலும் சிற்றிலைகளின் அடியிலும் சிறு புடைப்புகள் உள்ளன. அவற்றின் உயிரணுக்களில் நீர் நிறைந்திருக்கும்வரை இலை விறைப்பாக நிற்கும். தொட்டதும் மின்துடிப்பு ஒன்று பாய்கிறது. ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து பொட்டாசியமும் அதைத் தொடர்ந்து நீரும் வெளியேற, காற்றுப்போன டயர்போல அந்தப் பக்கம் தொய்ந்துவிடுகிறது. மீண்டும் விரியக் கால் மணி நேரம் முதல் அரை மணி நேரம் ஆகலாம். இந்த மின்துடிப்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்கத்தாவில் அளந்து காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

எதற்காக மூடுகிறது? ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகக் குழுவினர் 2022ல் வெளியிட்ட ஆய்வில், இலை மூட முடியாதபடி செய்யப்பட்ட செடிகளை வெட்டுக்கிளிகள் கூடுதலாகத் தின்றன. ஆக, இது தற்காப்பு. ஆனால் மூடியிருக்கும் நேரத்தில் வெயிலைக்கொண்டு உணவு தயாரிப்பது குறைகிறது. பிள்ளைகள் விளையாட்டாகத் தொடும் ஒவ்வொரு முறையும் செடிக்கு நட்டம்தான். 2014ல் வெளியான ஓர் ஆய்வில், தொட்டியோடு சிறு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்ட செடிகள் ஒரு கட்டத்தில் மூடுவதையே நிறுத்திவிட்டன. ஆபத்தில்லை என்று கற்றுக்கொண்டனவா என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது.

சித்த மருத்துவத்தில் மூலம், வெட்டுக்காயம் போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்துவர். அதற்காகத் திடலில் பறித்துவந்து அரைத்துக் குடிப்பது சரியல்ல. இதில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. அதே பொருள் நிறைந்த சூபாபுல் தழையை அதிகம் தின்னும் மாடுகளுக்கு முடி கொட்டும். திடலோரச் செடிமீது எந்த மருந்து தெளித்தார்களோ, யார் வீட்டு நாய் போனதோ! மருத்துவரைக் கேட்காமல், குறிப்பாகக் கர்ப்பிணிகள், உட்கொள்ளக்கூடாது. தவிர, பூங்காக்களில் செடி பறிப்பது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். சாப்பிடத்தான் வேண்டுமென்றால் இதன் உறவான, முள்ளில்லாத நீர்ச்சுண்டி இருக்கிறது. தாய்லாந்துக்காரர்கள் அதைக் கீரையாக வதக்குகிறார்கள்.

ரசிப்பதற்கு ஒரு தொட்டி போதும். விதையின் தோல் கெட்டியானது. வெந்நீரில் போட்டு இரவு முழுவதும் ஊறவைத்து, மண்ணில் மேலாக ஊன்றினால் ஓரிரு வாரங்களில் முளைக்கும். பிடுங்கி நட்டால் வேர் தாங்காது என்பதால் வளர்க்கும் தொட்டியிலேயே விதைப்பது நல்லது. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்துக் கொடுப்பதால் உரச்செலவு மிச்சம். வெயில் மட்டும் நன்றாக விழவேண்டும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். மறக்காமல் கொட்டிவிட வேண்டும். நடைபாதையில் வைப்போர் 1.2 மீட்டர் வழிவிட்டு, முள்ளை நினைத்து, சிறுவர் கைக்கு எட்டாமல் வைக்கலாம்.

இளஞ்சிவப்புப் பஞ்சுருண்டைபோன்ற பூ ஒரே நாளில் வாடிவிடும். பிறகு வரும் காய்களின் விளிம்பில் சுணைமுட்கள் இருக்கும். அவை துணியில் ஒட்டிக்கொண்டு பயணம் போகும். காய்கள் முற்றும்முன் கிள்ளிவிடாவிட்டால், அடுத்த மாதம் பக்கத்து வீட்டுத் துளசித் தொட்டியிலும் முளைத்திருக்கும்.