இரவு குளிர்ந்தால் காய் பிடிக்கும்

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு லயத்து வீடு என்றால் பின்னால் நாலு பாத்தியும் ஒரு கோழிக்கூடும் சேர்ந்ததுதான். பால் வெட்டிவிட்டு வரும் அம்மா, முகம் கழுவுமுன் வெண்டைப் பாத்தியை ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். 1974-இல் துன் அப்துல் ரசாக்கின் அரசு பசுமைப் புத்தகத் திட்டம் என்று சொல்லி, வீட்டைச் சுற்றிக் காய்கறி போடுங்கள் என்று நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டது. எங்கள் லயத்தில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலை.

வெண்டை, கத்தரி, பயற்றங்காய், பாகல், கங்கோங், மரவள்ளி எல்லாம் அந்த மண்ணில் தாமாகவே வரும். முட்டைக்கோஸ் மட்டும் இலை இலையாக விரிந்துகொண்டே போகும், உருண்டு கட்டாது. தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டும். தப்பிப் பிழைத்த செடியும் ஒரு நாள் மத்தியானம் பச்சை மாறாமலே துவண்டு விழுந்துவிடும். மண்ணில் இருக்கும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோய் அது. சூடான மண்ணில்தான் அதன் ஆட்டம் அதிகம்.

மகனுக்கு வேலை தானா ராத்தாவில் அமைந்ததும் நானும் கேமரன் மலைக்கு வந்து சேர்ந்தேன். பீடோரிலிருந்து தாப்பா போய், அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை. 1,000 மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இதை நம்பித்தான் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. நம் ஆட்கள் பலரும் அந்தக் காலத்திலேயே மலையேறினார்கள்.

பகல் வெயில் குறைந்ததால் கோஸ் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். காரியம் இரவில் இருக்கிறது. தக்காளிப் பூவின் மகரந்தம் நல்லபடியாக இருந்து காய் பிடிக்க, இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நல்லது. பீடோரில் விடியற்காலையில்கூட அது 23-ஐ ஒட்டியே நிற்கும். இங்கே 15, 16-க்கு இறங்கிவிடும். கோஸ் இலைகள் உள்நோக்கி மடிந்து கட்டுவதும் இந்தக் குளிரில்தான்.

கோழிக்கும் இதே கணக்குதான். கோழிக்கு வியர்க்காது, சூடு தாங்காமல் வாயைத் திறந்து இரைக்கும். இரைக்கும்போது உடம்பிலுள்ள கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதனால் குறைந்துபோகும். ஒரு முட்டைக்கு ஓடு கட்ட இருபது மணி நேரம் போல ஆகும், அதில் பெரும்பகுதி இராத்திரியில் நடக்கும். கீழே புழுங்கிய இரவுகளில் எங்கள் கோழிகள் இட்ட முட்டை, விரல் பட்டாலே நசுங்கும். இங்கே வந்தபின் மருமகள் முட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அத்தை, ஓடு கல்லு மாதிரி இருக்கு” என்றாள். அதற்காகக் குளிர் ஒன்றே போதும் என்று விட்டுவிடவும் கூடாது. நான் சாயங்காலத் தீனியோடு இடித்த சிப்பி ஓட்டையும் ஒரு கை வைக்கிறேன். இராத்திரி ஓடு கட்டும் நேரத்தில் சுண்ணாம்புச் சத்து குடலில் இருக்க வேண்டும்.

மலையில் கோழிக்குக் குளிரைவிட ஈரம்தான் பகை. இங்கே மூடுபனியும் மழையும் ஓயாது. தரையில் போட்ட மரத்தூள் நனைந்தால் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா கிளம்பும், இரத்தக்கழிச்சலும் வரும். தூளைக் கையில் அள்ளிப் பிடித்துப் பாருங்கள்: கட்டியாக ஒட்டினால் ஈரம் மிஞ்சிவிட்டது, உதிர்ந்தால் சரி. கூட்டின் பக்கங்களை அடைத்தாலும் கூரையடியில் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும். குளிருக்கு ஈடுகொடுக்கக் கோழி தீனியும் கூடுதலாகக் கேட்கும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி, மேடானாலும் பள்ளமானாலும் போட்டே ஆகவேண்டும்.

எருவைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்த மலையில் பச்சைக் கோழிச்சாணத்தை அப்படியே கொட்டும் பழக்கம் ஈயைப் பெருக்கி ஊரையே அவதிப்படுத்துகிறது. பச்சை எருவின் சூடு வேரையும் கருக்கும். மரத்தூளோடு சேர்த்துக் குவித்து, மழை படாமல் மூடி, கிளறிவிட்டு, வாடை போனபின் போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. மலை மண் புளிப்பு மண் என்பதால் கோஸ் நடுமுன் சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும்.

கோஸ் இலையைச் சல்லடையாக்கும் ஒரு புழு உண்டு, வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. அடித்த மருந்துகளுக்கெல்லாம் பழகிவிட்ட பூச்சி. 1970களில் இதற்கென்றே ஒரு சிறு குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கேமரன் மலையில் விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். அந்தக் குளவிக்கும் குளிர்தான் பிடிக்கும், சமவெளியில் நிலைக்காது. கண்டபடி மருந்தடித்தால் புழுவுக்கு முன் சாவது அதுதான்.

மலையேறியதில் எனக்குப் போனவையும் உண்டு. வெண்டை விதை குளிர்ந்த மண்ணில் முளைக்கத் தயங்குகிறது. கறிவேப்பிலை இருக்கிற இடத்திலேயே நிற்கிறது. முருங்கை இலை மஞ்சளித்து உதிர்கிறது. பீடோர் கொய்யாவை இங்கே வைத்துப் பார்க்கும் எண்ணமே எனக்கில்லை. கீழேயே இருப்பவர்கள் தக்காளிக்கு ஏங்கினால் அதற்கு ஒரு வழி உண்டு: தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் பரிந்துரைப்பதுபோல, வாடல் நோய் தாங்கும் கத்தரி நாற்றின் வேர்ப்பாகத்தில் தக்காளித் தண்டை ஒட்டிக் கட்டலாம். வாடல் பெரும்பாலும் அடங்கிவிடும். பூ கொட்டுவதற்கு, சூடு தாங்கிக் காய்க்கும் ரகமாகப் பார்த்து விதை வாங்க வேண்டும்.