வாய் வறண்டால் வெற்றிலை போடலாமா?

எச்சில் என்றாலே நமக்கு ஓர் அருவருப்பு. எச்சில் இலை, எச்சில் பாத்திரம் என்று ஒதுக்கி வைத்தே பழகிவிட்டோம். ஆனால் அந்த எச்சில் ஊறாமல் போனால் என்ன பாடு என்பதை அனுபவிப்பவர்களிடம் கேட்டால்தான் தெரியும். சோறு தொண்டையில் இறங்காது. பிஸ்கட் கடித்தால் மாவாக ஒட்டிக்கொள்ளும். நடு இரவில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டித் தூக்கம் கலையும்.

கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், 2007-ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை என வட சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் இந்தத் தொல்லையோடு வாழும் பெரியவர்கள் இருக்கிறார்கள். "வயசாயிடுச்சு, உடம்பு சூடு" என்று அவர்களே காரணம் சொல்லிக்கொள்வார்கள். "ஒரு வெத்தல போட்டா வாய் ஊறும்" என்று வைத்தியமும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆபத்து ஆரம்பமாவது இந்த வைத்தியத்தில்தான்.

எச்சில் செய்யும் வேலை

காதுக்கு முன்புறமும், தாடைக்குக் கீழும், நாக்குக்கு அடியிலுமாக மூன்று ஜோடி பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் நமக்கு உண்டு. இவை தவிர உதடு, கன்னம், அண்ணம் ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைத் தருகின்றன.

அது வெறும் தண்ணீர் அல்ல. உணவை மிருதுவாக்குகிறது, சாப்பிட்ட பிறகு வாயில் உண்டாகும் அமிலத்தைத் தணிக்கிறது, பல்லில் கரைந்துபோகும் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது, கிருமிகளையும் காளானையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே எச்சில் குறைந்தால் பல்லின் வேர் ஓரங்களில் சொத்தை விழும். வாயில் வெள்ளைக் காளான் படரும். பல்செட் நிற்காமல் ஆடி, ஈறைப் புண்ணாக்கும்.

நாட்பட்ட அழற்சியும் வறட்சியும்

வாயில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி நோய்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று லைக்கன் பிளானஸ். உடலின் எதிர்ப்புச் சக்தி நம் சொந்தத் தோலையும் வாய்ச் சவ்வையும் தாக்குவதால் வருவது. கன்னத்தின் உட்புறத்தில் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள் தெரியும். சிலருக்குச் சிவந்து புண்ணாகி, ரசம் பட்டாலே எரியும். இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பிறருக்கு வராது.

இந்த நோய் உள்ளவர்களில் சிலர் வாய் வறட்சியும் இருப்பதாகச் சொல்கிறார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வறண்டதுபோல் உணர்வது வேறு. எச்சில் உண்மையிலேயே குறைந்திருப்பது வேறு. சிலருக்கு எச்சில் போதுமான அளவு சுரந்தும், சவ்வு புண்பட்டிருப்பதால் வறட்சி தெரியும். எச்சிலை ஒரு குவளையில் சேகரித்து, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ஊறுகிறது என்று அளந்து மருத்துவர் இதைப் பிரித்துச் சொல்ல முடியும்.

ஷோகிரன் நோய் என்பது இன்னொன்று. இதில் எதிர்ப்புச் சக்தி உமிழ்நீர்ச் சுரப்பிகளையே தாக்குகிறது. நடுத்தர வயதுப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. வாய் வறட்சியோடு கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தலும், மூட்டு வலியும் சேர்ந்திருந்தால் இதை நினைவில் வைத்துப் பரிசோதிக்க வேண்டும்.

வெற்றிலை ஏன் ஏமாற்றுகிறது?

பாக்கில் அரிக்கோலின் என்ற பொருள் இருக்கிறது. அது எச்சில் சுரக்கும் நரம்பைத் தூண்டிவிடும். அதனால்தான் வெற்றிலை போட்டவுடன் வாய் ஊறுகிறது. வறட்சி போய்விட்டது என்று மனம் நம்புகிறது. ஆனால் அதே பாக்கு, கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார்த்திசுவை அடை அடையாகச் சேர்த்து இறுக்குகிறது. இதைத்தான் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். 1952-ல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இது கண்டு எழுதப்பட்டது. பாக்கு எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் இந்த நோயும் போயிருக்கிறது.

முதல் அறிகுறி, காரம் பட்டால் எரிச்சல். பிறகு சவ்வு வெளுக்கும். கன்னத்தில் கயிறுபோல் தட்டுப்படும். நாளடைவில் வாய் திறப்பது குறையும். இறுகிய சவ்வில் இருக்கும் சிறு சுரப்பிகளும் சுருங்கிப்போவதால் வாய் மேலும் வறளும். வறட்சிக்கென்று மீண்டும் வெற்றிலை போட்டால், நோயை வளர்ப்பதையே மருந்தென்று நினைத்து மென்றுகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

"நான் பொகையில சேர்க்கறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்பவர்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று 1985-லேயே அறிவித்தது. 2003-ல் கூடிய அதன் நிபுணர் குழு, புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தனியாகவும் புற்றுநோய் உண்டாக்கும் என்று முடிவு செய்தது.

நம் நாட்டுக் கணக்கு

1993-94-ல் மலேசியா முழுவதும் 25 வயதுக்கு மேற்பட்ட 11,000-க்கும் அதிகமானோரின் வாயைப் பரிசோதித்து ஓர் ஆய்வு நடந்தது. புற்றுநோய்க்கு முந்தைய வாய் மாற்றங்கள் இந்தியர்களிடமே மிக அதிகமாக, அதாவது நூற்றுக்கு 4 பேரிடம் காணப்பட்டன. சீனர்களிடம் இது நூற்றுக்கு அரைப் பேர் அளவே. இதன் பிறகு 1997-ல் சுகாதார அமைச்சு, வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியது. பல் மருத்துவக் குழுவினர் தேடிச் சென்ற இடங்களில் இந்தியர் வாழும் தோட்டங்களும் அடங்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

லைக்கன் பிளானஸும் பல ஆண்டுகளில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்குப் புற்றாக மாறக்கூடும். பயப்பட வேண்டிய எண்ணிக்கை அல்ல. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டாமல் இருக்கக் கூடிய எண்ணிக்கையும் அல்ல.

மருந்தும் ஒரு காரணம்

இரத்தக் கொதிப்பு, ஒவ்வாமை, மன அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். கட்டுப்படாத நீரிழிவும் வாயை வறட்டும். அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்தோ, அளவோ மாற்றித் தர வழி உண்டு. லைக்கன் பிளானஸுக்குத் தரும் ஸ்டீராய்டு களிம்பினால் சிலருக்குக் காளான் வரும். அதற்கும் தனி மருந்து இருக்கிறது.

வீட்டில் செய்யக் கூடியவை

* தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல், வாய் மட்டும் நனையும்படி அடிக்கடி சிறிது சிறிதாகப் பருகுங்கள்.
* கெட்டிப்பால் கலந்த தே, மைலோ, இனிப்பு மிட்டாய் ஆகியவற்றைக் குறையுங்கள். வறண்ட வாயில் சீனி பல்லை விரைவாக அரிக்கும். சீனி இல்லாத சூயிங்கம் எச்சிலைத் தூண்டும்.
* ஃபுளூரைடு உள்ள பற்பசையால் காலையும் இரவும் துலக்குங்கள். எரிச்சல் இருந்தால் நுரை குறைந்த பற்பசையைக் கேட்டு வாங்குங்கள். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பு மருந்து வேண்டாம்.
* பல்செட்டை இரவில் கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள்.
* பாக்கை நிறுத்துங்கள். முப்பது, நாற்பது வருடப் பழக்கம் ஒரே நாளில் போகாது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திட்டாமல் துணை நின்றால் குறைப்பது சுலபம்.

எப்போது காட்ட வேண்டும்?

கண்ணாடி முன் நின்று வாயை முழுவதும் திறந்து, உங்கள் சொந்தக் கைவிரல்கள் மூன்றை மேலும் கீழுமாக அடுக்கி நுழைத்துப் பாருங்கள். மூன்று நுழையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கன்னத்தில் கெட்டியான கட்டி ஆகியவையும் அப்படியே.

முதலில் போக வேண்டிய இடம் உங்கள் ஊர் அரசாங்கப் பல் மருத்துவ கிளினிக். தேவைப்பட்டால் அங்கிருந்தே கடிதம் கொடுத்து, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, பயறு அளவு சதை எடுத்துச் சோதிப்பார்கள். "கத்தி பட்டா புத்துநோய் பரவிடும்" என்று தோட்டத்தில் சொல்வதை நம்பி இதைத் தவிர்த்தவர்கள், சிறு மருத்துவத்தோடு முடிந்திருக்க வேண்டியதைப் பெரிய அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகிறார்கள்.

பல் எல்லாம் விழுந்துவிட்டது, இனிப் பல் டாக்டர் எதற்கு என்று பாட்டி கேட்கலாம். பல் மருத்துவர் பார்ப்பது பல்லை மட்டுமல்ல, நாக்கையும் கன்னத்தையும் சேர்த்துத்தான். அடுத்த முறை பாட்டியை இரத்தக் கொதிப்புக்கு மருந்து வாங்க அழைத்துப் போகும்போது, பல் கிளினிக்குக்கும் அழைத்துச் சென்று வாயைக் காட்டிவிட்டு வாருங்கள்.